வண்டிக்கு முன்பாரம் சேர்த்த கதை

போன வியாழக்கிழமை எடைமேடைச் சீட்டு கைக்கு வந்தது. நாங்கள் குடியிருக்கும் டிரெய்லரின் மொத்த எடை 8,520 பவுண்டு. அதில், அதை இழுக்கும் பிக்கப் வண்டியின் கொக்கிமேல் அமர்வது 1,060 பவுண்டு, அதாவது 12.4 சதவீதம். நவம்பரில் இதே கணக்கு 8 சதவீதமாக இருந்தது, அதனால் ஓடும்போது டிரெய்லரின் வால் ஆடியது. இடையில் உள்ள நான்கு சதவீதத்தைச் சேர்க்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. என்னென்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வண்டியில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும்.

நானும் மனைவியும் இந்த டிரெய்லரில் குடியேறி இது மூன்றாவது வருடம். வாடகை வீடு கிடையாது, சாமான் அறை கிடையாது, எல்லாமே இந்த 24 அடிப் பெட்டிக்குள்தான். இது டாய் ஹாலர் வகை. பின்சுவர் முழுவதும் கீழே சாய்ந்து சரிவுப் பலகையாகிவிடும், பைக்கை அப்படியே உள்ளே ஏற்றலாம். பின்பாதிக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரே கூடம். ஓடும்போது அது பைக் கொட்டகை. நிறுத்தி பைக்குகளை இறக்கிவிட்டால் நாயும் பூனையும் படுக்கும் இடம், என் வேலை மேசையும் அங்கேதான். நாய் பெயர் செவலை, பூனை மிளகு. பைக்குகளில் ஒன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, சென்னையில் செய்து கடல் தாண்டி வந்தது, 199 கிலோ. மனைவியுடையது ஹோண்டா சிஆர்எஃப் 300 எல், 142 கிலோ. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 750 பவுண்டு.

அக்டோபரில் கலிபோர்னியாவில் இருந்தபோது பேட்டரி மாற்றினேன். கொக்கிக்குப் பின்னால், முன்சட்டத்தின் மேல் 6 வோல்ட் ஈய பேட்டரி இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் 62 பவுண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்தே 50 பவுண்டுதான். லித்தியத்தைக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் வெளியே வைக்காமல் உள்ளே, பின்பக்க மூலையில் ஒரு பெட்டி செய்து வைத்தேன். சுத்தமான வேலை. ஒயரிங்கைப் பார்த்து நானே திருப்தியடைந்தேன். எடையைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நவம்பரில் அரிசோனாவின் குவார்ட்சைட்டுக்குக் கிளம்பினோம். அங்கே பொது நிலத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கலாம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையான சீசனுக்கு 180 டாலர் கட்டினோம். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாது என்பதால் கிளம்பும்போதே 60 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேக வரம்பு 55 மைல். அந்த வேகத்தில் வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. ப்ளைத் என்ற ஊரைத் தாண்டி, கொலராடோ ஆற்றுப் பாலம் கடந்து அரிசோனாவுக்குள் நுழைந்ததும் 65க்கு ஏற்றினேன். டோம் ராக் மலை ஏறி இறங்கும்போது ஒரு லாரி எங்களை முந்தியது. அதன் காற்று தள்ளியதும் டிரெய்லரின் வால் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம் போனது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடியில் என் வீட்டின் பக்கவாட்டுச் சுவர் தெரிந்தது. பின்சீட்டில் செவலை எழுந்து நின்றுவிட்டாள்.

காலை பிரேக்கில் வைக்கவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் டிரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் கையால் அழுத்தினேன். பிக்கப் ஓடிக்கொண்டிருக்க, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிடித்து, வண்டி இழுபட்டு நேரானது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் டிரெய்லர் இழுக்க வேண்டாம். பிக்கப்பின் பிரேக்கை மிதித்திருந்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்திருக்கும்.

முகாமுக்கு வந்ததும் முதலில் டயர்மேல் சந்தேகப்பட்டேன். நான்கிலும் 70 பிஎஸ்ஐ இருந்தது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்தபடி 80க்கு ஏற்றினேன். மறுநாள் காலி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் 62 மைலிலேயே வால் ஆடத் தொடங்கியது. அடுத்து ஹிட்ச்சின், அதாவது கொக்கி இணைப்பின், இரண்டு பக்கமும் உள்ள ஸ்ப்ரிங் பார்களைச் சங்கிலியில் ஒரு கண்ணி கூட இழுத்து மாட்டினேன். பிக்கப்பின் பின்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்து பார்க்க நன்றாக இருந்தது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்த பார்கள் இருக்கிற எடையை முன்னும் பின்னும் பரப்பிக் கொடுக்கும். இல்லாத எடையை எங்கிருந்து கொண்டுவரும்? இது புரிய எனக்கு ஒரு வாரம் போனது.

புரிய வைத்தவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பின்பாரமா ஏத்திருக்கியாப்பா?" என்பதுதான். ஊரில் அவர் சின்ன வயதில் மாட்டுவண்டியில் நெல்மூட்டை அடித்தவர். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. ஒரு மூட்டையை முன்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். "ரொம்ப முன்பாரம் வச்சா மாடு படுத்துரும், கொஞ்சமா வை" என்றார். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கிமேல் இருக்க வேண்டும் என்று டிரெய்லர் இழுப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, அளந்து பார்ப்போம் என்று நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தின் எடைமேடைக்குப் போனேன். முதல் எடைக்கு 15 டாலர், அதே நாளில் மறுபடி எடை போட்டால் 5 டாலர். முதலில் டிரெய்லரோடு ஏறினேன். ஸ்ப்ரிங் பார்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். பிக்கப்பின் முன் அச்சில் 4,100, பின் அச்சில் 4,100, டிரெய்லர் அச்சுகளில் 8,060. அப்புறம் டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் ஏற்றினேன். 7,500. டிரெய்லர் மாட்டியதால் பிக்கப்பின் அச்சுகளில் கூடியது 700. அதுதான் கொக்கிமேல் இருக்கும் எடை. டிரெய்லர் மொத்தம் 8,760. 700ஐ அதால் வகுத்தால் 8 சதவீதம்.

அன்று இரவு ஒரு தாளில் வண்டியை வரைந்து, கொக்கியிலிருந்து இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளி வரை நாடா பிடித்து அளந்ததை எழுதினேன். 204 அங்குலம். ஒரு பொருள் அந்த நடுப்புள்ளிக்கு எத்தனை அங்குலம் முன்னால் இருக்கிறதோ, அதை எடையால் பெருக்கி 204ஆல் வகுத்தால் அது கொக்கிக்குக் கொடுக்கும் பாரம் வரும். பின்னால் இருந்தால் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாரம். பழைய ஈய பேட்டரிகள் 124 பவுண்டும் கிட்டத்தட்டக் கொக்கியின் மேலேயே இருந்தவை. அவை 109 பவுண்டு பாரம் கொடுத்துக்கொண்டிருந்தன. நான் அதை எடுத்துவிட்டேன். போதாததற்குப் புதிய பேட்டரிகளை அச்சுக்குப் பின்னால் வைத்து இன்னும் 15 பவுண்டைப் பிடுங்கினேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய வண்டி அக்டோபருக்கு அப்புறம் ஏன் ஆடியது என்பதற்கு அந்தத் தாளிலேயே பதில் இருந்தது.

சுலபமான வேலைகளை முதலில் முடித்தேன். பேட்டரிகளை முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் மாற்றினேன். உள்ளேயே இருப்பதால் குளிர் பிரச்சினை இல்லை, கொக்கியில் 55 பவுண்டு கூடியது. பின்சுவரோரம் இருந்த 120 பவுண்டு கருவிப்பெட்டியும் அதே இடத்துக்குப் போனது. அதில் 129 கூடியது. கேபிள் நீளமானதால் தடிமனான புது கேபிள் வாங்க வேண்டியிருந்தது.

பைக்குகள்தான் பெரிய வேலை. 40 அங்குலம் முன்னால் தள்ளினால் 147 பவுண்டு கிடைக்கும். ஆனால் முன்சக்கரத்தைக் கவ்வும் இரும்புத் தாங்கியையும், பட்டை மாட்டும் வளையங்களையும் நினைத்த இடத்தில் முடுக்க முடியாது. தரைக்கு அடியில் இரும்புக் குறுக்குச் சட்டம் இருக்கும் இடத்தில்தான் போல்ட் இறங்க வேண்டும். வெறும் பலகையில் முடுக்கினால் ஒரு பெரிய பள்ளத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சட்டங்களைத் தேட, பின்பக்கத்திலிருந்து வினைல் விரிப்பை உரித்துக்கொண்டு வந்தேன். பின்சுவராக இருக்கும் ராம்ப் கதவின் கீல் ஓரமாக முழங்கால் ஊன்றியபோது தரை அமுங்கியது.

ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. எடுத்துப் பார்த்தால் நுனியில் ஈரமான கரும்பழுப்புத் தூள், ஊறிய புளிச்சக்கை போல விரலில் ஒட்டியது. கதவின் கீழ் ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, மழைத் தண்ணீர் வினைலுக்கு அடியில் போய் வெளியே வர வழியில்லாமல் தங்கியிருக்கிறது. எவ்வளவு தூரம் என்று ஆறங்குலத்துக்கு ஒரு குத்தாகக் குத்திப் போனேன். கதவிலிருந்து 26 அங்குலம் வரை, அகலம் முழுவதும் போயிருந்தது. ஹிமாலயனின் பின்சக்கரம் இரண்டு வருடமாக அதன் மேல்தான் நின்றிருக்கிறது.

பக்கத்தில் முகாம் போட்டிருந்த கனடாக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வெல்டர், வட்ட ரம்பமும் அதிர்வு ரம்பமும் கொடுத்து உதவினார். ரம்பத்தின் ஆழத்தைச் சரியாக முக்கால் அங்குலத்துக்கு வைத்து, கெட்டுப்போன பகுதிக்கு நாலங்குலம் தாண்டி, ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவில் வெட்டினேன். பழைய பலகையும் புதுப் பலகையும் ஒரே சட்டத்தின் மேல் பாதிப் பாதி உட்கார வேண்டும் என்பதற்காக அப்படி. பாலைவன மண்ணில் மரத்தூள் சிந்தாமல் இருக்கக் கீழே தார்ப்பாய் விரித்தேன். சட்டங்களில் துரு லேசாகத்தான் இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தேன். முக்கால் அங்குல மரைன் பிளைவுட்டின் ஆறு முகங்களிலும், குறிப்பாக வெட்டிய விளிம்புகளில், எபாக்சி தடவி ஒரு நாள் காயவிட்டு இறக்கினேன். அந்த நேரம் முழுக்க மிளகுவைக் கட்டில் பக்கத்து அறையில் அடைத்து வைத்தோம். இரவெல்லாம் கதவைப் பிராண்டினாள்.

அடுத்தது பெரிய தப்பு. தாங்கிகளுக்கு அரை அங்குல போல்ட் துளை போடும்போது, கீழே இருக்கும் கறுப்பு உறையைக் கழற்றிப் பார்க்காமல் மேலிருந்தே துளையிட்டேன். ஆறு துளைகள் ஒழுங்காகப் போயின. ஏழாவது துளை சட்டத்தைத் தாண்டியதும் டிரில் ஒரு கணம் உதறியது. இரும்புத் துணுக்கு மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். தரையெல்லாம் மூடி, வினைல் ஒட்டி முடித்த பிறகு பிரேக்கைச் சோதித்தால், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 12 ஆம்பியரை ஒட்டி இழுக்க வேண்டியது 6தான் இழுத்தது. கீழே படுத்து உறையை வெட்டித் திறந்தபோது, பின் அச்சுக்குப் போகும் பிரேக் ஒயரின் நடுவே என் துளை. சாலிடர் போட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி, ஒயரைச் சட்டத்திலிருந்து தள்ளிக் கட்டினேன். அந்த நெம்புகோல்தான் எங்களை டோம் ராக்கில் காப்பாற்றியது. சோதிக்காமல் கிளம்பியிருந்தால் பாதி பிரேக்கோடு போயிருப்போம். உறையைக் கழற்ற அரை மணி நேரம்தான் ஆகும். இனி கழற்றாமல் துளை போட மாட்டேன்.

தாங்கிகள் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஹேண்டில்பார்கள் இடிக்கும். ஹோண்டாவை ஓரடி பின்தள்ளி, சராசரி 40 அங்குலம் வருமாறு பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே கால் அங்குல இரும்புத் தகடு. ஒரு பைக்குக்கு நான்கு ராட்செட் பட்டைகள், முன்பக்க இரண்டும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பாதி அமுங்கும் வரை மட்டும். முழுக்க இறுக்கினால் ஃபோர்க் சீல் போய்விடும்.

ஒத்திகையாக ஜனவரியில் ஓரிரவு வெளியே போனோம். பைக்குகளை இறக்கச் சோம்பல், ஒரு ராத்திரிதானே என்று உள்ளேயே விட்டுவிட்டோம். இரண்டு மணிக்கு, சமையல் வாயுக் கசிவைக் காட்டும் எல்பி வாயு அலாரம் அலறியது. கேஸ் அடுப்பை மூடி, சிலிண்டரை மூடியும் நிற்கவில்லை. கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வந்தோம். அப்புறம்தான் பெட்ரோல் வாடையைக் கவனித்தேன். மதிய வெயிலில் ஹிமாலயனுக்கு வாய் வரை பெட்ரோல் நிரப்பியிருந்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அந்த அலாரமும் அதற்காகவே தரையோரம் இருக்கிறது. செவலை படுத்திருந்ததும் தரையில்தான், முன்னால் தள்ளிய பைக்கிலிருந்து இரண்டடி தூரத்தில். பின்பாதியின் கீழ்ச் சுவரில் ஆவி வெளியேறச் சின்னச் சின்னத் திறப்புகள் உண்டு. குவார்ட்சைட் புழுதி உள்ளே வருகிறதென்று டிசம்பரில் அவற்றின் மேல் டேப் ஒட்டியது நான்தான்.

அன்று காலையே டேப்பைப் பிய்த்து, புழுதிக்கு நுண்ணிய எஃகு வலை மட்டும் வைத்தேன். டாங்க் பாதிக்கு மேல் இருந்தால் பைக் உள்ளே ஏறாது. உயிர்கள் உள்ளே தூங்கும்போது பைக் உள்ளே இருக்காது, எவ்வளவு மழையானாலும், எத்தனை மணியானாலும். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இனி விவாதமே கிடையாது.

நாங்கள் இருவரும் பைக்கில் வெளியே போனால் செவலையும் மிளகும் தனியாக இருப்பார்கள். மார்ச்சில் இங்கே 32 டிகிரி சாதாரணமாகத் தொடும், தகரப் பெட்டி அதைவிட வேகமாகக் கொதிக்கும். வெப்பம் 27 டிகிரி தாண்டினால் போனுக்குச் செய்தி வரும் சென்சார் ஒன்று வைத்திருந்தோம், வைஃபையில் இயங்குவது. மின்வசதி உள்ள ஒரு முகாமில் தங்கியிருந்தபோது மின்சாரம் போய் ஏசி நின்றது. அதே மின்சாரத்தில் ஓடிய ரூட்டரும் நின்றது. செய்தி வரவே இல்லை. நல்லவேளை, பிப்ரவரி மாலை, நாங்களும் கடைக்குத்தான் போயிருந்தோம். இப்போது ரூட்டரை நேராக 12 வோல்ட் லித்தியத்தில் மாட்டிவிட்டேன், 25 டாலர் கன்வெர்ட்டர்தான். கூடவே செல்போன் சிம்மில் தனியாக இயங்கும் இன்னொரு சென்சாரும் வாங்கினோம். கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் பாம் கேன்யன் என்று ஓரிடம் இருக்கிறது, வறண்ட பாறைப் பிளவுக்குள் காட்டுப்பனைகள் தானாக வளர்ந்து நிற்கும். ஊர்ப்பக்கத்துப் பனையைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே நின்றுகொண்டு வீட்டுக்குள் 22 டிகிரி என்று போனில் பார்த்த பிறகுதான் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தாங்கிகள் இரண்டு 180, வினைல் 110, பிளைவுட் 70, கதவு ரப்பர் 60, எபாக்சி 55, பியூட்டைல் டேப்பும் சீலன்ட்டும் 45, போல்ட் தகடு 40, எடைமேடை இரண்டு தடவை 40. மொத்தம் 600 டாலர். கேபிளும் சென்சாரும் தனி. இதில் அந்த 40 டாலரை அக்டோபரிலேயே செலவழித்திருந்தால், ஆட்டத்தை வீட்டுவாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

வியாழக்கிழமை எடை போட்டுவிட்டு, தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டு யூமா பக்கம் கிளம்பினோம். எங்கள் சீசன் அனுமதி இம்பீரியல் டேம் முகாமிலும் செல்லும். வழி பெரும்பாலும் இருவழிச் சாலை, எதிரே லாரிகள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் டிரெய்லர் ஒருமுறை அசைந்து, உடனே அடங்கியது. மூன்றாவது லாரிக்குப் பிறகு செவலை பின்சீட்டில் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டாள்.

வலது பக்க ஸ்ப்ரிங் பார் மட்டும் திருப்பத்தில் இன்னும் முனகுகிறது. நாளைக்குக் கழற்றிப் பார்க்க வேண்டும்.